ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்: குட்டிப் பிள்ளைகளோட டிசம்பர்

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

டிசம்பர் வந்தாச்சு. எங்க அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி பால்கனியில நட்சத்திரம் ஏறிடுச்சு. எங்க வீட்டுப் பெரியவ, அஞ்சு வயசு, தினமும் சாயங்காலம் "ஸ்டார் போட்டுட்டாங்களா?"ன்னு எட்டிப் பார்க்கிறா. சின்னவனுக்கு ரெண்டு வயசு. அவனுக்கு நட்சத்திரம், டியூப் லைட், நிலா எல்லாம் ஒண்ணுதான். எல்லாத்தையும் பார்த்துக் கை தட்டுவான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற இந்த மூணு வாரத்துல, சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளியே போறதையும், வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிடுறதையும், அழுகை இல்லாம எப்படிச் செய்யலாம்? இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம். அழுகைன்னா பிள்ளைங்க அழுகை மட்டும் இல்லை, நம்ம அழுகையும் சேர்த்துத்தான்.

நாலு நிமிஷம்

போன டிசம்பர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் போட்ட பிளானைக் கேளுங்க. காலையில பத்து மணிக்கு ஒரு மால். அங்க பெரிய கிறிஸ்துமஸ் மரம் முன்னாடி போட்டோ, சாண்டா தாத்தாவோட போட்டோ. மதியம் அங்கேயே சாப்பாடு. அப்புறம் பாண்டி பஜார்ல டிரஸ். சாயங்காலம் தோழி வீட்டுல கேரல் பாட்டு. பெரியவளுக்கு அப்போ நாலு வயசு, சின்னவனுக்கு ஒண்ணு. வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதெல்லாம் ஒரே நாள்லயா?" நான் கேட்டாத்தானே!

சாண்டா வரிசையில நாற்பது நிமிஷம் நின்னோம். சின்னவன் தூக்கத்துக்கு அழ ஆரம்பிச்சான். அவனை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாத்தினேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தா பெரியவளைக் காணோம்.

நாலு நிமிஷம் இருக்கும்னு அவர் சொல்றார். எனக்கு அது எவ்வளவு நேரம்னு இன்னிக்கும் தெரியலை. அந்தப் பெரிய மரத்தைச் சுத்தி அவ பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே ஓடினேன். எங்க பார்த்தாலும் சிவப்புத் தொப்பி போட்ட குழந்தைங்க. ஒண்ணுகூட நம்ம குழந்தை இல்லை.

கடைசியில லிஃப்ட் பக்கத்துல இருந்தா. தரை துடைக்கிற மெஷின் ஒண்ணு இருக்குமே, கீழே பிரஷ் சுத்திக்கிட்டே போகும், அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அதை ஓட்டுற அம்மா அவ கையை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. "பயப்படாத கண்ணு, மெஷினைப் பார்க்க வந்துட்டா. நீ தேடிட்டு வருவேன்னு தெரியும், அதான் நான் இங்கேயே நின்னுட்டேன்"னாங்க.

அன்னிக்கு ராத்திரி அவர் கேட்டார், "பாப்பா, இன்னிக்கு உனக்கு என்ன ரொம்பப் பிடிச்சுது?" அவ யோசிக்கவே இல்லை. "பாட்டி வண்டி."

மரம் இல்லை, சாண்டா இல்லை, புது டிரஸ் இல்லை. பாட்டி வண்டி! அந்த நாள் முழுக்க நான் ஓடினது யாருக்காகன்னு அப்பத்தான் யோசிச்சேன். பாதி அவளுக்காக, பாதி என் போன்ல இருக்கப்போற போட்டோவுக்காக.

குழந்தை ஏன் "அடம் பிடிக்குது"?

நாம அடம்னு சொல்றதுல பெரும்பகுதி தூக்கம், பசி, காத்திருப்பு. இந்த மூணுதான்.

முதல்ல தூக்கம். ஒண்ணு, ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேணும். மூணிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் 10 முதல் 13 மணி நேரம். மதியத் தூக்கத்தை முழுங்கிட்டுப் போடுற எந்த பிளானும் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பழி வாங்கும்.

அடுத்தது பசி. நமக்கு "ஒரு மணிக்குச் சாப்பிடலாம்"ங்கிறது ஒரு ஏற்பாடு. ரெண்டு வயசுக்காரனுக்குப் பசின்னா இப்பவே பசி. பையில வாழைப்பழம், இட்லி, தண்ணி பாட்டில் இருந்தா பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துடும்.

மூணாவதைத்தான் நாம கவனிக்கிறதே இல்லை, காத்திருப்பு. இன்னும் பத்து நிமிஷம்னு சொன்னா நமக்குப் புரியும். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைக்குப் பத்து நிமிஷமும் ஒரு மணி நேரமும் ஒண்ணுதான். வரிசையில நிக்க வைக்கிறது அவங்களுக்குப் பெரிய வேலை. அந்த வேலை முடிஞ்சதும், முன்பின் தெரியாத ஒரு தாடித் தாத்தா மடியில உட்கார்ந்து சிரிக்கணும்னு வேற நாம எதிர்பார்க்கிறோம்.

அதனால இந்த வருஷம் எங்க வீட்டுச் சட்டம் இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு இடம். காலையில கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. வரிசை இருக்கிற இடம்னா யோசிக்கணும்.

சென்னையில எங்கே போகலாம்?

நான் சென்னைங்கிறதால சென்னையை வெச்சே சொல்றேன். உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல் யோசனை, ரயிலே ஒரு சுற்றுலா. பறக்கும் ரயில்ல ஜன்னல் பக்கம் உட்கார வெச்சா, மொட்டை மாடிகளும் துணிக்கொடிகளும் கீழே போறதைப் பார்க்கிறதே ஒரு குழந்தைக்கு அரை மணி நேர சினிமா. அஞ்சு வயசு ஆகாத பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது. திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கினா, நடந்து போற தூரத்துல லஸ் மாதா கோயில். அந்தப் பக்கத்து ஆளுங்க காட்டுக்கோயில்னு சொல்லுவாங்க. போர்ச்சுகீசியர் கட்டினது, அங்க இருக்கிற கல்வெட்டுல 1516ன்னு இருக்கு. சின்னக் கோயில்ங்கிறதால சின்னக் கால்களுக்குச் சுத்திப் பார்க்கச் சரியா இருக்கும். பெருசா, வெள்ளையா, உயரமான கோபுரத்தோட பார்க்கணும்னா சாந்தோம். அது புனித தோமாவின் கல்லறை மேல எழுந்த ஆலயம். இப்ப நாம பார்க்கிற கட்டடம் 1896ல முடிஞ்சது. ஆனா லஸ்ஸோ சாந்தோமோ, ஏதாவது ஒண்ணு. ரெண்டும் ஒரே நாள்ல வேண்டாம். சட்டம் ஞாபகம் இருக்கட்டும்!

மெட்ரோ வேலை நடக்கிற இடங்கள்ல நடைபாதையை நம்ப முடியாது. ஸ்ட்ரோலரை வீட்டிலேயே விட்டுட்டு, சின்னவங்களை நெஞ்சோட கட்டிக்கிற கேரியர்ல தூக்கிக்கோங்க.

குடில் பத்தியும் சொல்லணும். நிறைய கோயில்கள்ல கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே குடில் வைப்பாங்க; மாடு, ஆடு, மேய்ப்பர்கள் எல்லாம் இருக்கும். ஆனா குழந்தை இயேசுவை 24ஆம் தேதி ராத்திரிதான் வைக்கிற வழக்கம். போன வருஷம் பெரியவ வைக்கோலைப் பார்த்துட்டு, "பாப்பா எங்கே?"ன்னு கேட்டா. "இன்னும் வரலைடா"ன்னேன். "அப்ப எதுக்கு எல்லாரும் வந்து நிக்கிறாங்க?" நல்ல கேள்விதானே! அவளை மறுபடியும் 26ஆம் தேதி கூட்டிட்டுப் போனோம். கூட்டமும் குறைவு, பாப்பாவும் வந்தாச்சு. ஜனவரி முதல் வாரம் வரைக்கும் குடிலை வெச்சிருப்பாங்க, அதனால 24ஆம் தேதி கூட்டத்துல போய் இடிபடணும்னு இல்லை.

ரெண்டாவது யோசனை, பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம். படியேற முடியாதவங்களுக்கு மேலே வரைக்கும் வண்டிப் பாதை இருக்கு. மேலே 16ஆம் நூற்றாண்டு தேவாலயம். நம்ம குட்டீஸுக்கு அதைவிட முக்கியம், அங்கிருந்து மீனம்பாக்கத்துல விமானம் இறங்குறதைப் பார்க்கலாம். சின்னவன் ஒவ்வொரு விமானத்துக்கும் டாட்டா காட்டுவான். செலவுன்னு பார்த்தா ஆட்டோ காசுதான்.

மூணாவது, கிண்டி சிறுவர் பூங்கா. மான், பறவை, ஓடுறதுக்கு இடம். கிளம்புறதுக்கு முன்னாடி லீவு நாளைப் பார்த்துக்கோங்க. வழக்கமா இந்தப் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய்க்கிழமை லீவு, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. பூட்டின கேட் முன்னாடி நிக்கிற நாலு வயசுக்காரிக்கு வாரநாள் கணக்கைப் புரிய வைக்க முடியாது. நான் முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன்.

அப்புறம் மழை. நம்ம ஊர்ல டிசம்பர்னா வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியலைன்னு அர்த்தம். 2016ல வர்தா புயல் வந்தது டிசம்பர் 12. 2023ல மிக்ஜாம் வந்தது டிசம்பர் முதல் வாரம். அதனால முன்பணம் கட்டுற பிளான் எதுவும் வேண்டாம். மழை பேஞ்சா என்ன செய்யலாம்னு ஒரு பிளான் கையில இருக்கட்டும். அதுக்குத்தான் வீட்டு வேலை. கொஞ்ச நேரத்துல வர்றேன்.

கூட்டத்துக்குப் போகும்போது

போகாமலே இருக்க முடியாது, அது தெரியும். பாட்டி தாத்தா கேட்பாங்க, துணி எடுக்கணும். அந்த நாலு நிமிஷத்துக்குப் பிறகு நாங்க தவறாம செய்யறதைச் சொல்றேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிள்ளைங்களை ஒரு போட்டோ எடுத்துடுங்க. பதட்டத்துல "என்ன கலர் சட்டை?"ன்னு கேட்டா வாய் வராது, எனக்கு வரலை. போன் நம்பரைக் கையில பேனாவால எழுதி, மேல ஒரு டேப் ஒட்டுங்க. குழந்தைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்க: "அம்மாவைக் காணோம்னா ஓடாதே, அங்கேயே நில்லு, சத்தமாக் கூப்பிடு." பேசத் தெரிஞ்ச குழந்தைக்கு அப்பா அம்மாவோட முழுப் பேரும் தெரிஞ்சிருக்கணும். காணாமப் போயிட்டா ஒருத்தர் அதே இடத்துல நிக்கணும், இன்னொருத்தர் தேடணும், உடனே காவலாளிகிட்ட சொல்லணும். கூச்சப்பட்டு நேரத்தை வீணாக்காதீங்க. 112 எந்த அவசரத்துக்கும், 1098 குழந்தைகள் உதவிக்கு.

இன்னொண்ணு, "உன் பொறுப்பு, என் பொறுப்பு"ன்னு பேசிப் பிரிச்சுக்கோங்க. அன்னிக்கு நான் அவர் பார்க்கிறார்னு நினைச்சேன், அவர் நான் பார்க்கிறேன்னு நினைச்சார். நடந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிடும்போது

பிள்ளைங்க இருக்கிற வீட்டுல விருந்துன்னா ரெண்டே மணி நேரம். நாலு மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணிக்கு முடியணும். மதியத் தூக்கம் முடிஞ்சு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி. நேரத்தை வாட்ஸ்அப்ல முன்கூட்டியே சொல்லிடுங்க. பிள்ளை இருக்கிறவங்க யாரும் கோச்சுக்க மாட்டாங்க, மனசுக்குள்ள நன்றி சொல்லுவாங்க.

பிள்ளைங்களை அடக்கி ஓரமா உட்கார வைக்காம, அவங்க கைக்கு ஒரு வேலை கொடுங்க. எங்க சாய்ஸ் கல்கல். ரெண்டாவது மாடி ஆன்ட்டிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால், கொஞ்சம் வெண்ணெய். பிசைஞ்ச மாவைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிக் கொடுத்துடுங்க. அதை முள்கரண்டியோட பின்பக்கத்துல அழுத்திச் சுருட்டினா சிப்பி மாதிரி வரும். பிள்ளைங்க சுருட்டினது சிப்பி மாதிரியே வராது, ரோடு ரோலர் ஏறின சிப்பி மாதிரி வரும். பரவாயில்லை. எண்ணெய்ல பொரிக்கிற வேலை மட்டும் பிள்ளைங்க அடுப்படியை விட்டுப் போன பிறகு. மழை நாளுக்கு நான் சொன்ன பிளானும் இதுதான்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, முழு திராட்சை, வேர்க்கடலை, பாப்கார்ன் இதெல்லாம் நாலு வயசு ஆகாத குழந்தைங்க தொண்டையில அடைக்கும். திராட்சையை நீளவாக்குல நறுக்கிக் கொடுங்க. ரெண்டாவது இன்னும் முக்கியம். லைட் எரியிற தொப்பி, பாட்டுப் பாடுற கார்டு, மினுக்குற சின்ன பொம்மை, இதுக்குள்ள பெரும்பாலும் வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை முழுங்கினா உணவுக்குழாயை ரெண்டே மணி நேரத்துல அரிச்சுடலாம். மூடியில ஸ்க்ரூ இல்லாத பொம்மையை வீட்டுக்குள்ள விடாதீங்க. முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

காத்திருக்கிறதே ஒரு விளையாட்டு

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம்னு சொல்றாங்க. காத்திருக்கிறதுக்குன்னே ஒதுக்கின நாட்கள். நிறைய கோயில்கள்ல பச்சை இலை வளையத்துல வாரம் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலா ஏத்துவாங்க. ரெண்டாவது மாடி ஆன்ட்டி வீட்டுலயும் அது உண்டு. பெரியவ ஒவ்வொரு ஞாயிறும் மேலே போய் எண்ணிட்டு வந்து சொல்றா: "இன்னும் ரெண்டு பாக்கி." கடிகாரம் பார்க்கத் தெரியாத பொண்ணுக்கு நேரம் புரிஞ்சது அந்த மெழுகுவர்த்தியிலதான். எந்த மதமா இருந்தாலும், ஒரு தாளை நாள்கணக்குக்குக் கட்டம் போட்டுத் தினமும் ஒண்ணுக்குக் கலர் அடிக்கச் சொல்லுங்க. அதுவே போதும்.

இந்த வருஷம் எங்க பிளான் என்னன்னா, ஒரு ஞாயிறு பறக்கும் ரயில், ஒரு ஞாயிறு பரங்கிமலை, ஒரு சனிக்கிழமை கல்கல். மால் ஒரே ஒரு தடவை, வேலை நாள் காலையில, கடை திறக்கிற நேரத்துல. சாண்டாவுக்காக இல்லை. அந்த அம்மா இன்னும் அங்க வேலை பார்க்கிறாங்களான்னு பார்க்கணும். போன வருஷம் பதட்டத்துல ஒரு நன்றிகூட ஒழுங்கா சொல்லலை. இந்தத் தடவை பெரியவ கையால சுருட்டின கல்கல் ஒரு டப்பா கொண்டு போறோம்.

உங்க குழந்தைக்குப் போன டிசம்பர்ல எது பிடிச்சுதுன்னு இன்னிக்கு ராத்திரி தூங்க வைக்கும்போது கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துதுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். மழையில பத்திரம், டாட்டா!