பாவித்த சிறு கார் வாங்குவோர்க்கு

கார் வைத்திருத்தல் ஒரு காலத்திற் செல்வர்க்கே உரிய பெருமையாக இருந்தது. இன்று நிலைமை அவ்வாறன்று. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் தாதியரும், பிள்ளைகளின் படிப்பையும் முதிய பெற்றோரின் வைத்தியத்தையும் எண்ணி ஒரு சிறு காரை நாடுகின்றனர். புதிய காரின் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றது. ஆகவே அவர்கள் தேடுவது பாவித்த கார்; அதிலும் பெற்றோலைக் குறைவாகக் குடிக்கும் சிறிய கார்.

பெற்றோற் சிக்கனம் என்பதன் பொருளை 2022ஆம் ஆண்டு நம் எல்லோர்க்கும் கற்பித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல், யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. யூலை மாதத்திற் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரமொன்றிற்கு அளிக்கப்பட்டது 20 லீற்றர் மாத்திரமே. யாழ்ப்பாணத்தவர்க்கோ இப்பாடம் முற்றிலும் புதியதன்று. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடை நிலவிய நாட்களில், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகிய பழங் கார்கள் சில துளி பெற்றோலில் முடுக்கப்பெற்று, மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உளர்.

மேலும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பழைய கார்களின் விலை பெரிதும் ஏறிற்று. இந்நிலையிற் பிழையான காரைத் தெரிவு செய்வோர் இழப்பது சிறு தொகையன்று. பல்லாண்டுச் சேமிப்பையே இழக்கின்றனர்.

நண்பரும் மெக்கானிக்கும்

என்னோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர் அண்மையிற் கார் வாங்க முற்பட்டார். சாதாரண சிறு கார் ஒன்றை வாங்கப் போதிய பணம் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் உள்ளம் ஹைபிரிட் கார் ஒன்றிற் பதிந்துவிட்டது. அதற்கு மேலும் 15 இலட்சம் ரூபா வேண்டும். மகளுக்கென வைத்திருந்த இரண்டு பரப்புக் காணியை ஈடு வைத்து அத்தொகையைப் பெற எண்ணினார். "பெற்றோலில் மிச்சம் பிடித்துக் கடனைக் கட்டிவிடலாம்" என்பது அவர் வாதம்.

காரைப் பார்வையிட முதிய மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் சென்றோம். அவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நண்பர் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓடுவார் என்று வினவினார். விடையைக் கேட்டதும் சிரித்தார். "மாஸ்ரர், உந்தக் கார் பெற்றோலைக் குடியாது, ஆனால் உங்கட காணியைக் குடிச்சுப்போடும்" என்றார்.

அன்றிரவு நாங்கள் இருவரும் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம்.

கணக்குச் சொல்வது என்ன?

நண்பரின் ஓட்டம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர். சாதாரண சிறு கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டால் 400 லீற்றர் செலவாகும். ஹைபிரிட் கார் 24 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டால் 250 லீற்றர். மிச்சம் 150 லீற்றர். கணக்கின் வசதிக்காக லீற்றர் 300 ரூபா என வைத்தால், ஆண்டுக்கு மிஞ்சுவது 45,000 ரூபா. மேலதிகமாகக் கொடுத்த 15 இலட்சமும் திரும்பி வர 33 ஆண்டுகள் செல்லும்! ஈட்டுக்குரிய வட்டியோ இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

ஆயினும் ஹைபிரிட் கார் எவர்க்கும் ஆகாதது என்று கூறுவது நீதியன்று. ஆண்டுக்கு 30,000 கிலோமீற்றர் ஓடுபவர்க்கு அதே கணக்கு 2,25,000 ரூபா மிச்சத்தைக் காட்டும். அவர் ஏழாண்டுகளுக்குள் முதலை மீட்டுக்கொள்வார். எனவே, "எந்தக் கார் சிக்கனமானது?" என்று கேட்குமுன், "நான் எவ்வளவு ஓடுவேன்?" என்று கேட்டல் வேண்டும்.

மாணவர்கள் கவனிக்கத்தக்க மற்றோர் உண்மையும் உண்டு. 6,000 கிலோமீற்றர் ஓட்டத்தில், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் காரை விட்டு 15 ஓடும் காருக்கு மாறினால் மிஞ்சுவது 200 லீற்றர். 20 ஓடும் காரை விட்டு 25 ஓடும் காருக்கு மாறினாலோ மிஞ்சுவது 60 லீற்றரே. ஈரிடத்தும் வேறுபாடு ஐந்துதான், பயன் ஒன்றன்று. மிக உயர்ந்த சிக்கனத்துக்காக மிக உயர்ந்த விலை கொடுப்பதில் இலாபம் குறைவு என்பது இதனாற் புலனாகும்.

கார்களின் வகை

நம் நாட்டுச் சந்தையிற் காணப்படும் சிறு கார்களை மூவகையாகப் பிரிக்கலாம். இந்தியாவில் உற்பத்தியான சுசுகி அல்ரோ 800 போன்றவை முதல் வகை. அதன் எஞ்சின் 796 சீசீ, அமைப்பு எளிது, திருத்துவதும் எளிது. ஜப்பானியரின் "கெய்" கார்கள் இரண்டாம் வகை. அந்நாட்டு விதிப்படி இவற்றின் எஞ்சின் 660 சீசீயையும், நீளம் 3.4 மீற்றரையும் மிஞ்சலாகாது. வாகன்ஆர் இவ்வகையினது. யாழ்ப்பாணத்துச் சமதரைக்கு இவை போதும். நால்வரை ஏற்றிக் கொண்டு நுவரெலியா மலையேறும்போது எஞ்சின் சிரமப்படுதல் இயல்பே. ரொயோட்டா விற்ஸ் போன்று ஆயிரம் சீசீயை அண்டிய கார்கள் மூன்றாம் வகை.

ஹைபிரிட் முறை சில கெய் கார்களிலும், 1,496 சீசீ எஞ்சின் கொண்ட ரொயோட்டா அக்குவா போன்றவற்றிலும் உண்டு. பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பற்றரியிற் சேமித்து, மீண்டும் ஓட்டத்துக்கு உதவச் செய்வதே அதன் தத்துவம். ஆகையால் நின்று நின்று செல்லும் நகர வீதியில் அதன் பயன் மிகுதி. நெடுஞ்சாலையிற் சீராகச் செல்லும்போது பயன் குறையும்.

விளம்பரத்திற் காணும் எண்களை அப்படியே நம்புதல் தகாது. 2011 இறுதியில் அக்குவா ஜப்பானில் வெளிவந்தபோது, அந்நாட்டுச் சோதனை முறைப்படி லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் எனக் குறிக்கப்பட்டது. அச்சோதனை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நடைபெறுவது. நமது வீதியும் வெயிலும் அங்கில்லை.

பார்க்க வேண்டியவை

காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன்னரே சூடேற்றி வைத்திருப்பின் ஐயுறுக. நீலப் புகை, எஞ்சின் ஒயிலை எரிக்கின்றது என்பதற்கு அடையாளம். கரும் புகை, பெற்றோல் மிகையாகச் செல்கின்றது என்பதற்கு அடையாளம். எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகின்றது எனக் காட்டும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை மாற்றிவிடலாம். பெடலின் தேய்வையும் ஸ்ரியறிங்கின் தேய்வையும் மறைப்பது அரிது. ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் கூறும்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். ஹைபிரிட் காராயின் பற்றரியைக் கணினிக் கருவி கொண்டு சோதிப்பித்தல் இன்றியமையாதது. அக்குவாவிற் பற்றரிக்குக் காற்றுச் செல்லும் துவாரம் பின்னாசனத்தருகே உள்ளது. அது தூசியால் அடைபட்டால் பற்றரி வெப்பமுற்று விரைவிற் கெடும்.

பெற்றோற் செலவை அறிய எளிய வழி ஒன்றுண்டு. தாங்கியை நிரப்பி, ஐம்பது அறுபது கிலோமீற்றர் ஓடி, அதே பம்பில் மீண்டும் நிரப்புக. ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுக்க விடை கிடைக்கும்.

பத்திரங்களையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இருப்பின், கடன் தீர்ந்து அப்பெயர் நீக்கப்படும்வரை முழுப்பணத்தையும் கையளித்தல் கூடாது.

முடிவு

என் நண்பர் இறுதியில் ஆடம்பரமற்ற சிறு கார் ஒன்றையே வாங்கினார். அது லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடுகின்றது. ரயரின் காற்றை இருவாரத்துக்கொருமுறை பார்க்கிறார். வேகத்தைச் சீராக வைத்திருக்கிறார். காணி உறுதி வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. சென்ற வாரம் காணியைப் பார்க்க மகளை அக்காரிலேயே அழைத்துச் சென்றதாக அவர் கூறியபோது, அம்முதிய மெக்கானிக்கை நினைத்துக்கொண்டேன்.

காரை விரும்புவது நெஞ்சின் வேலையாக இருக்கலாம். அதை வாங்குவதா விடுவதா என்பதைத் தாளும் பென்சிலும் தீர்மானிக்கட்டும்.