மெஸ் பாக்கி யார் பொறுப்பு?

வைகை அணைக்கு அருகில், மதுரை–தேனி சாலையில் க.விலக்கு இருக்கிறது. 2004-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி அங்கே வந்த பிறகு, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் போக்குவரத்து எதிர்த்திசையில் நடந்தது. அணைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள்.

திசை மாறியிருக்கிறது, கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. மாறாமல் நிற்பது மாதக் கடைசியில் வரும் ஒரு கவலை: மெஸ் பாக்கி. அன்றும் அது இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதை யார் சுமப்பது, யாரிடம் சொல்லி அவகாசம் கேட்பது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் அடியோடு மாறிவிட்டன.

அன்று: நோட்டீஸ் போர்டில் ஒரு கணக்கு

வைகை அணையை 1959 ஜனவரி 21 அன்று முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்தார். அந்தத் தலைமுறைக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரி என்றால் 1956-இல் தொடங்கிய உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. பெண்களுக்குப் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி வர 1971 ஆனது. மருத்துவம், வேளாண்மை, சட்டம் என்று எதை நினைத்தாலும் மதுரை, சென்னை போன்ற வெளியூர்களுக்குத்தான் போக வேண்டும். போடியிலிருந்து மதுரைக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. என்றாலும் தினமும் போய்வருவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை, விடுதிதான் வழி.

அந்த விடுதிகள் பலவற்றில் டிவைடிங் சிஸ்டம் நடந்தது. மாதம் முழுக்க அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, காய்கறி, சமையல்காரர் சம்பளம் என்று ஆன செலவைக் கூட்டுவார்கள். எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களைத் தனியே கூட்டுவார்கள். செலவை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் விலை வரும். நூறு பேர் முப்பது நாள் சாப்பிட்டு மொத்தம் 6,000 ரூபாய் ஆனால், 3,000 சாப்பாட்டு நாளுக்கு நாள் ஒன்றுக்கு 2 ரூபாய். ஊருக்குப் போன நாட்களை முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தால் அவை கழியும். பில் பெயர்வாரியாக நோட்டீஸ் போர்டுக்கு வரும்.

மாணவர்கள் தேர்ந்தெடுத்த மெஸ் செயலாளர் விடியற்காலையில் சந்தைக்குப் போவார். சாமான் நிறுக்கும்போது உடன் நிற்பார். கத்தரிக்காய் விலை ஏறினால் அந்த மாத பில் ஏன் ஏறியது என்பது விடுதி முழுக்கத் தெரியும். ஒருவர் பாக்கி வைத்தால் மளிகைக் கடைக்காரருக்குப் பணம் நிற்கும். அடுத்த மாதம் அவர் கடன் கொடுக்கத் தயங்குவார். சாம்பாரில் பருப்பு குறையும். என் பாக்கி என்பது பக்கத்து இலைக்காரனின் சாப்பாடு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பணம் மணியார்டரில் வந்தது. அனுப்பியவர் நாலு வரி எழுதத் தாளின் அடியில் இடமிருந்தது. “பருத்தி எடுத்ததும் மிச்சம் அனுப்புகிறேன், வார்டன் அய்யாவிடம் சொல்லவும்” என்று அப்பா எழுதினால், மகன் அதையே வார்டனிடம் காட்டுவான். வார்டன் அநேகமாக அதே கல்லூரி ஆசிரியர். பையனின் ஊரும் வெள்ளாமையும் அவருக்குத் தெரியும். பத்து நாள் பொறுப்பார். அதைத் தாண்டினால் ‘மெஸ் கட்’. பெயர் போர்டில் ஏறும், தட்டு நிற்கும்.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். போர்டில் பெயர் ஏறிய பையன் பலர் பார்க்கத் தலைகுனிந்தான். கூசிக்கொண்டு ஊருக்கு வந்த சிலர் திரும்பிப் போகவேயில்லை. பெண் பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்கவைக்கும் வீடுகள் மிகக் குறைவு. ஏழை வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாக்கி வைக்கும் கட்டம்வரைகூட வரவில்லை, பள்ளியோடு நின்றுபோனார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. கடன் யார் கையில் இருந்ததோ, அவர் கையிலேயே கணக்கும் இருந்தது.

இடையில்: வெள்ளாமைக்கும் செமஸ்டருக்கும் ஒத்துவராத நாட்காட்டி

1990-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, 1996-இல் தேனி தனி மாவட்டம், 2004-இல் மருத்துவக் கல்லூரி, 2012-இல் போடி அரசுப் பொறியியல் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி என்று ஒவ்வொன்றாக வந்தன. 2010 முடிவில் அகலப்பாதைக்காக நின்ற மதுரை–போடி ரயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும் 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மதுரையில் படித்த தேனிப் பிள்ளைகளுக்குப் பேருந்து அல்லது விடுதி என்ற இரண்டே வழி.

செமஸ்டர் முறை வேரூன்றியபோது மாத பில் போய், ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை முன்பணமாகக் கட்டும் விடுதிக் கட்டணம் வந்தது. இந்தப் பக்கத்து வருமானத்தின் போக்கு தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள இடி புரியும். நல்ல ஆண்டில் ஜூன் முதல் தேதி முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல் போக நெல்லுக்கு நாற்றங்கால் வேலை தொடங்கும். அது பணம் வருகிற மாதமில்லை. விதைக்கும் உழவுக்கும் உரத்துக்கும் பணம் போகிற மாதம். முதல் போகம் அறுத்துக் கையில் காசு பார்க்க ஐப்பசி ஆகும். இரண்டாவது போகத்துக்கு மாசி, பங்குனி. கல்லூரியோ ஜூன், ஜூலையில் ஒரு தவணையும் டிசம்பர், ஜனவரியில் இன்னொன்றும் கேட்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் மல்லிகை போட்ட வீடுகளுக்கு மார்கழிப் பனியில் பூ குறைந்துபோகும். அதே மாதத்தில்தான் இரண்டாவது தவணை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறும் அம்மாவின் கூலி மொத்தமாக ஒருநாளும் வராது.

“திராட்சை வெட்டுனதும் கட்டிர்றேன் சார்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அது சாக்கு இல்லை. அந்த வீட்டின் வரவு செலவே அதுதான். அன்றைய வார்டனுக்கு அது புரிந்தது. இன்றைய கட்டணத் திரையில் அதை எழுத இடமில்லை.

இன்று: படிப்புக்கு உதவி, சாப்பாட்டுக்குக் கடன்

கல்விக் கட்டணத்தில் அரசு தோள் கொடுத்திருக்கிறது. 2010-இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை, தொழிற்படிப்புக்குப் போன எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகளின் கட்டணத்தைக் குறைத்தது. ஆனால் அது கல்விக் கட்டணத்துக்கு மட்டும், விடுதிக்கு இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தபோதுதான், விடுதிக் கட்டணத்தையும் சேர்த்து அரசே ஏற்றது. முதல் ஆண்டிலேயே, இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் தனியார் மருத்துவக் கல்லூரி இடங்களை விட்டுக்கொடுத்ததைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. தங்கும் செலவும் படிப்புச் செலவில் ஒரு பகுதிதான் என்று அரசு ஒப்புக்கொண்ட நல்ல தருணம்.

அந்த ஒதுக்கீட்டில் வராதவர்களுக்கு விடுதிப் பணம் இன்னும் பெரும்பாலும் சொந்தப் பாடுதான். 1944-இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பட்டியலினப் பிள்ளைகளுக்குப் பெருந்துணை. 2021-இல் அதன் விதிகள் மாறின. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு பிரிந்தது. மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்த ஏழு நாளுக்குள் கல்லூரிக் கட்டணத்தை மாணவர் கட்ட வேண்டும். அதுவரை அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த பாக்கி, ஒரே உத்தரவில் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பாக்கி ஆனது. பணம் தாமதமானால் கல்லூரி அரசைக் கேட்பதில்லை, பிள்ளையைக் கேட்கிறது. கலை, அறிவியல் இளங்கலையில் விடுதியில் தங்குகிறவருக்கு அந்தத் திட்டத்தில் கிடைக்கும் படி ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதாவது மாதம் 500. தமிழ்நாடு அரசே தன் கல்லூரி விடுதிகளில் ஒரு மாணவரின் உணவுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று 2023-இல் உயர்த்தி நிர்ணயித்தது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் மெஸ் பாக்கி பிறக்கிறது.

சமையல் பெரும்பாலான கல்லூரிகளில் காண்ட்ராக்டரிடம் போய்விட்டது. நாள் விலை எப்படி வந்தது என்று கேட்க மெஸ் செயலாளர் இல்லை. கட்டணம் எஸ்பிஐ கலெக்ட் போன்ற இணையப் பக்கங்களில். கடைசித் தேதி தாண்டினால் அபராதம் தானாக ஏறும். நோட்டீஸ் போர்டுக்குப் பதில் பாக்கிப் பட்டியல் சில இடங்களில் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. போர்டைப் பார்த்தவர்கள் அந்த விடுதியோடு நின்றார்கள். கைப்பேசியில் வந்தது ஊர்வரை போகும். பாக்கி எத்தனை ரூபாய் என்று பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரியும், அந்தத் தொகை எப்படி வந்தது என்பதுதான் தெரியாது.

கையெழுத்துப் போட்டது யார்?

முதலாண்டில் சேரும் பலருக்கு வயது பதினேழு. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. அதனால்தான் விடுதி உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்குகிறார்கள். வங்கியின் கல்விக் கடனிலும் விடுதிச் செலவைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கேயும் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளி. ஆகவே பாக்கி சட்டப்படி உண்மையான கடன். சாப்பிட்ட சாப்பாட்டுக்குப் பணம் தரத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அடுப்படியில் வெந்து நின்ற மாஸ்டருக்கும் பாத்திரம் தேய்த்த அக்காவுக்கும் சம்பளம் அந்தப் பணத்தில்தான் போகிறது.

ஆனால் கடனை வசூலிக்கும் வழி வேறு. ஒரு வாழ்க்கையைப் பிடித்துவைப்பது வேறு. பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அலமாரியில் பூட்டும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல, ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவைக் காட்டி அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியல்ல என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பள்ளிகளுக்கும் எடுத்துச் சொன்னது. பிரிட்டனிலும் இதே சிக்கல் வந்தது. விடுதி வாடகைப் பாக்கிக்காக மாணவரின் பட்டமளிப்பைத் தடுக்கும் விதிகள் நுகர்வோர் சட்டப்படி நியாயமற்றவையாக இருக்கலாம் என்று அந்நாட்டின் நியாய வணிக அலுவலகம் 2014-இல் பல்கலைக்கழகங்களை எச்சரித்தது. படிப்புக் கடன் வேறு, தங்கிய கடன் வேறு என்பதே அதன் சாரம்.

இதில் வெறும் கணக்குப் புத்தியும் இருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தால் அந்தப் பிள்ளை வேலைக்குப் போய் ஆறு மாதத்தில் பாக்கியைக் கட்டும். சான்றிதழைப் பூட்டினால் வேலை கிடைக்காது, பாக்கியும் தீராது. பூட்டியவருக்கும் நட்டம்தான்.

கணக்கைத் திருப்பிக் கொடுங்கள்

மாணவர் கடமை என்று நான் நினைப்பதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஒப்புகை வாங்க வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் படிப்பு முடிகிறவரை பத்திரப்படுத்த வேண்டும். உதவித்தொகை வந்த வாரமே கல்லூரிக்குப் போக வேண்டும், வேறு தேவை எத்தனை நெருக்கினாலும். ஊருக்குப் போகும் நாட்களுக்குக் கழிவு உண்டா என்று கேட்டு, இருந்தால் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். விடுதியை விட்டுப் போகும்போது காஷன் டெபாசிட்டைப் பாக்கியில் நேர்செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். முக்கியமாக, கூச்சத்தில் ஒளிந்துகொள்ளக் கூடாது. பாக்கியால் படிப்பு நின்றவர்களில் பலர் பேசியிருந்தால் நின்றிருக்கமாட்டார்கள்.

கல்லூரிக்கும் கடமை உண்டு. மாதா மாதம் மெஸ் வரவு செலவை மாணவர் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். மெஸ் குழுவில் மாணவர்களை உட்காரவைக்க வேண்டும். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐப்பசியிலும் பங்குனியிலும் தவணை கட்ட வழி செய்ய வேண்டும். அரசு தர வேண்டிய தொகை தாமதமானால் அந்தப் பிள்ளையின் பெயரைப் பாக்கிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அரசு, 7.5 சதவீத மாணவருக்குச் செய்ததை முதல் பட்டதாரிகளுக்கும் விரிக்க வேண்டும். மாதம் 500 ரூபாய்ப் படியில் ஒரு பிள்ளை சாப்பிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டு அதை உயர்த்த வேண்டும்.

பொறுப்பு என்பது கடனோடு தானாக வருவதில்லை, கணக்கோடுதான் வரும். தன் பருப்பு எந்தக் கடையில் என்ன விலைக்கு வந்தது என்று தெரிந்த பிள்ளை பாக்கி வைக்க யோசித்தது. இன்று அந்தக் கணக்கை மூடிவிட்டுப் பொறுப்பை மட்டும் கேட்கிறோம். விடுதிகள் கணக்கைத் திறந்துவைத்தால், இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் தங்கள் பாக்கியைத் தாங்களே தீர்ப்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மா வெள்ளாமை முடிந்து கடைக்கடனைத் தீர்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள்.