சட்டித் தோட்டம் நல்லதுதான். இனிப்புநீர் உள்ளவர்கள் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்ற நிலை வந்தது. கேமரன் மலையில் விளைந்த காய்கறியை விற்க வழியின்றி விவசாயிகள் கொட்டினார்கள். கீழே பட்டணத்தில் பல சந்தைகள் மூடிக் கிடந்தன. நம் வீடுகளில் சட்டித் தோட்டம் பெருகியது அந்த நாள்களில்தான்.

நாற்றுக் கடை திறக்கவில்லை என்பதால் விதை அடுப்படியிலிருந்தே வந்தது. காய்ந்த மிளகாயை உதிர்த்தார்கள், கொத்தமல்லியை லேசாக நசுக்கி விதைத்தார்கள், பழுத்த பாவற்காயைப் பிளந்து விதை எடுத்தார்கள். எண்ணெய் டின்னும் பெயிண்ட் வாளியும் ஐஸ்கிரீம் டப்பாவும் பூச்சட்டியாயின. லயத்து வீட்டின் பின்புறம் வெண்டையும் முருங்கையும் வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிய பொழுதுபோக்கே அல்ல. அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது கைவிட்டதை மறுபடி கையில் எடுத்தார்கள், அவ்வளவுதான். 2021 ஜூன் 1 முதல் மீண்டும் முழு முடக்கம் வந்த பிறகு அந்தச் சட்டிகளுக்குக் கூடுதல் கவனிப்பு கிடைத்தது.

உடம்புக்கும் இது நல்லது. தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இது நடக்கும். சாப்பிட்ட பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதைவிட அரை மணி நேரம் களை பிடுங்கினால் சர்க்கரை ஏறுவது குறையும். வீட்டிலேயே கிடந்து முறுக்கும் கேக்கும் சுட்டுச் சாப்பிட்ட அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

ஏனென்றால் நம் சமூகத்தின் கணக்கு மோசமாக இருக்கிறது. சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. அப்போது நாடு முழுவதும் இந்நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாமலிருந்தது. ஆகவே, வாளி மண்ணில் கை வைக்கும் அறுபது வயதுக்காரருக்கு இனிப்புநீர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இங்கேதான் காலைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் உடைந்த சட்டி கீறினாலும் தெரியாது. வலி இல்லாததால் கவனிப்பும் இல்லை. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. வெறுங்காலோடு மண்ணில் நின்றால்தான் திருப்தி என்பவர்கள் நம்மில் நிறைய. அந்தத் திருப்திக்கு ஒரு விரலையோ காலையோ விலையாகக் கொடுக்க நேர்ந்தவர்களை அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் பார்க்கலாம். ஜப்பான் சிலிப்பர் போதாது, விரலை மூடும் சப்பாத்து வேண்டும். கைக்குக் கையுறை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குவரை ஈரம் துடைக்கவேண்டும். தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, மெலியோய்டோசிஸ். நம் நாட்டின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் நோய் இது. தோலிலுள்ள கீறல் வழியாக நுழையும். மழைக்காலத்தில் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். நல்ல உடம்புக்காரர்களை இது பெரும்பாலும் விட்டுவிடும். இனிப்புநீர் உள்ளவர்களையே அதிகம் பிடிக்கிறது. 2010இல் பகாங், லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களிடையே இந்நோய் பரவி உயிரிழப்புகள் ஏற்பட்டன.

காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் ஆகியவையே இதன் அடையாளங்களாக வரலாம். இவற்றைக் கண்டால் கோவிட்-19 நினைவு வரலாம். பரிசோதனை செய்து, இல்லை என்று வந்ததும் நிம்மதியாகப் பாராசிட்டமோல் போட்டுப் படுத்துவிடுவதுதான் ஆபத்து. மெலியோய்டோசிஸை இரத்தத்தையோ சளியையோ ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தே உறுதிப்படுத்துவார்கள். சிகிச்சையும் நீண்டது: குறைந்தது 10 நாள்களுக்கு மேல் ஊசி மருந்து, பிறகு மூன்று மாதம்போல மாத்திரை. எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் காய்ச்சலோடுதான் தொடங்கும். எனவே கோவிட் இல்லை என்று தெரிந்தும் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் போய், "சாயா பெர்கெபுன், அடா கென்சிங் மானிஸ்" என்று சொல்லுங்கள். தோட்ட வேலை, இனிப்புநீர் என்ற இந்த இரண்டு தகவல்கள் இல்லாமல் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வருவது கடினம்.

சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஒட்டிக்கொண்ட முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். டிங்கி 2019இல் 130,101 பேரைப் பிடித்தது. மக்கள் வீட்டில் அடங்கியிருந்த 2020இலும் 90,000ஐத் தாண்டியது.

இன்சுலின் போட்டுவிட்டுப் பசியாறாமல் மண்வெட்டியைத் தூக்குவது வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரும். பாக்கெட்டில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

முடக்கக் காலத்தில் தொற்றுக்குப் பயந்து கிளினிக் பக்கம் போகாமல் இருந்தவர்களும் பலர். வழக்கமான மருந்துக்கு மட்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் தொடர் மருந்தை அஞ்சலில் அனுப்புகின்றன. பல இடங்களில் காரிலிருந்து இறங்காமலே வாங்கிக்கொள்ளலாம். உங்கள் மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்து முன்கூட்டியே பதிந்துகொள்ளவேண்டும். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் பாதப் பரிசோதனையும் தபாலில் வராது. அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு காத்திருக்காமல், அன்றே கிளம்புங்கள். முடக்கக் காலத்தில்கூட மருத்துவத்துக்காக வெளியே போகத் தடை இருக்கவில்லை.