இளவரசிக்கு ஒரு பாவாடை

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்று அறிவித்துவிட்டால் பரீட்சை என்னவோ அம்மாமார்களுக்குத்தான். "எனக்கு இளவரசி வேஷம்!" என்று குதித்துக்கொண்டு வரும் பெண்ணுக்கு அன்று சோறு இறங்காது, அதைக் கேட்ட தாயாருக்குத் தூக்கம் வராது. உடுப்பை வாடகைக்கு எடுப்பதென்றால் வாடகையும் வேண்டும், முன்பணமும் வேண்டும். நூல் மில்லுக்கும் பூட்டுப் பட்டறைக்கும் வேலைக்குப் போகிற திண்டுக்கல் குடும்பங்களில், ஒரு மாலைப் பொழுதுக்காக அவ்வளவு செலவழிப்பது எளிதன்று. உடுப்பு இல்லாத ஒரே காரணத்தால் வேஷம் வேறொரு குழந்தைக்குப் போய்விடுவதும் உண்டு. அந்த ஏமாற்றத்தைக் குழந்தை வெளியே சொல்லாது. ஆனால் மறக்கவும் மறக்காது.

இத்தனைக்கும் இளவரசி உடுப்பில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. துணி தாராளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஐரோப்பாவில் துணிக்குப் பங்கீடு இருந்தது. யுத்தம் முடிந்து 1947-ல் பாரிஸ் நகரத்துக் கிறிஸ்தியன் தியோர், கஜக் கணக்கில் துணி வைத்துச் சுருக்கிய பெரிய பாவாடைகளை வெளியிட்டார். உலகமே வாய் பிளந்தது. 1950-ல் வால்ட் டிஸ்னியின் 'சிண்ட்ரெல்லா' படம் வந்த பிறகு, இளவரசி என்றால் குடைபோல விரிந்த பாவாடைதான் என்று குழந்தைகள் மனத்தில் பதிந்துவிட்டது. நம் வீட்டுப் பாவாடையும் அதற்குச் சளைத்ததா என்ன?

சேலையில் பாதி போதும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் இருக்கிறது சின்னாளப்பட்டி. ஒரு காலத்தில் செயற்கைப் பட்டுச் சேலைக்கு இந்த ஊர்ப் பெயரே விலாசமாக இருந்தது. சுங்குடிச் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுங்குடி பருத்தித் துணி. கஞ்சி போட்டால் விறைத்து நிற்கும். இளவரசிக்கு வேண்டியது அதுதானே! பெட்டியில் கிடக்கும் பழைய சுங்குடியே போதும். புதிதாக வாங்கினால் வெட்டுமுன் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். சாயம் போவதும் துணி சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும்.

எட்டு வயதுப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்று, மூச்சு விட இடம் வைத்து, 22 அங்குலம் என்று கொள்ளலாம். பாவாடைச் சுற்றளவு இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 110 அங்குலம். ஐந்தரை மீட்டர் சேலையில் இது ஏறத்தாழப் பாதி. சேலை முழுவதையும் சுருக்கினால் இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் ஆகிவிடும். உயரம் 28 அங்குலம். மேல் தையலுக்கு 1 அங்குலம், இரண்டு 'டக்' பிடிக்க 4 அங்குலம். ஆக 33 அங்குலம். கரை அடியில் வருமாறு வெட்டினால் ஓரம் அடிக்கும் வேலை மிச்சம். மேலே எஞ்சும் நீளத் துண்டில் சட்டை தைத்துக்கொள்ளலாம்.

சுருக்கம் ஒரே சீராக விழ, மேல் ஓரத்தில் கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை நீளத் தையல் ஓட்டி, நூலைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். துணியையும் இடுப்பையும் முன்னதாக நான்கு சம பாகமாகக் குறித்துக்கொண்டால் ஒரு பக்கம் குவிந்து மறு பக்கம் வெறிச்சோடிப் போகாது.

உள்ளே இருப்பது வேட்டி

பாவாடை விரிந்து நிற்பதன் சூட்சுமம் உள்பாவாடையில் இருக்கிறது. அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியில் 10 அங்குல அகலத்தில், 72 அங்குல நீளத்தில் மூன்று பட்டைகள் கிழித்துக்கொள்ளலாம். முதல் அடுக்குக்கு 44 அங்குலம், இரண்டாவதற்கு 66, மூன்றாவதற்கு 99. ஒவ்வொன்றும் மேலதைப்போல் ஒன்றரை மடங்கு. முதல் பட்டையில் மீந்த 28 அங்குலத்தை மூன்றாவது பட்டையோடு இணைத்தால் கணக்குச் சரியாகிவிடும். மீந்த வேட்டியில் கையில்லாத 'பாடி' தைத்து, இரண்டு பாவாடைகளையும் அதில் பிணைத்துவிட வேண்டும். பாட்டிமார் கண்ட பாடிப் பாவாடைதான் இது. பாரம் தோளில் நிற்கும். நாடா அவிழ்ந்து மேடையில் மானம் போகாது.

மினுமினுப்புக்காக நைலான் வலையைச் சுற்றுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பருத்தியும் தீப்பற்றும்; நைலானோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எந்த உடுப்பானாலும் மேடைக் குத்துவிளக்கிலிருந்து குழந்தையைத் தள்ளி நிறுத்துவதே நல்லது. பாவாடையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் படியேறி இறங்கிப் பழகட்டும்.

நம் சீமையின் இளவரசி

இளவரசிக் கதைக்குச் சீமைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 1772-ல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையால் கொல்லப்பட்டபோது, ராணி வேலு நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியோடு வந்து அடைக்கலம் புகுந்தது ஒட்டன்சத்திரத்துக்கு அருகே உள்ள விருப்பாட்சியில். கோபால நாயக்கர் காத்தார். ஹைதர் அலி உதவினார். எட்டு ஆண்டு கழித்து, 1780-ல் ராணி சிவகங்கையை மீட்டார். நாடிழந்து, வேற்றூரில் வளர்ந்த வெள்ளச்சியும் இளவரசிதானே? சுங்குடிப் பாவாடை கட்டிய ஒரு பெண் அவளாக மேடையில் நின்றால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

விழா முடிந்ததும் வாடகை உடுப்பு கடைக்குத் திரும்பிவிடும். இந்தப் பாவாடை பெட்டியில் இருக்கும். பொங்கலுக்குக் கட்டலாம், பழனிக்குப் போகும்போது கட்டலாம். பெண் வளர்ந்தால் ஒரு டக்கைப் பிரித்துவிடலாம். அடுத்த ஆண்டு இன்னொன்று. அதுவும் போதாமற் போனால் தங்கை இருக்கிறாள். அவளுக்கும் ஒருநாள் ஆண்டு விழா வராமலா போகும்?