மெமரி கார்டில் படங்கள் காணவில்லையா? பதறாமல் மீட்கலாம்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் டிஜிட்டல் கேமராவும் கையுமாக வீட்டிற்கு வந்தார். அவருடைய தாயாரின் 80-வது பிறந்த நாளுக்கு எடுத்த படங்கள் அனைத்தும் அதில் இருந்த மெமரி கார்டில்தான் இருந்தன. கார்டைக் கம்ப்யூட்டரில் இணைத்தவுடன், டிரைவைப் பயன்படுத்த வேண்டும் எனில் முதலில் பார்மட் செய்திட வேண்டும் என விண்டோஸ் ஒரு செய்தி தந்துள்ளது. கம்ப்யூட்டர் வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கேட்பதற்கெல்லாம் ஓகே கொடுத்துப் பழகியவர், இதற்கும் ஓகே கொடுத்துவிட்டார். கார்ட் காலி!

அத்துடன் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கார்ட் வேலை செய்கிறதா எனப் பார்ப்பதற்காக வாசலில் நின்று பத்துப் பதினைந்து படங்கள் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு மாலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து பெரும்பாலான படங்களை மீட்டுக் கொடுத்தோம். ஆனால் அன்று காலையில் பேரப் பிள்ளைகள் பாட்டியின் காலில் விழுந்து வணங்கிய முதல் சில படங்கள் மட்டும் வரவே இல்லை. அந்த இடத்தில்தான் வாசலில் எடுத்த படங்கள் போய் உட்கார்ந்திருந்தன.

இந்தச் சோதனை உங்களுக்கும் வரலாம். ஏன் இப்படி நடக்கிறது, என்ன செய்திட வேண்டும் என இங்கு பார்க்கலாம்.

அழித்த படம் எங்கே போகிறது?

ஒரு புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால் என்ன ஆகும்? எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் என்று தெரியாது. ஆனால் பாடங்கள் அப்படியே இருக்கும். மெமரி கார்டும் இப்படித்தான். கார்டின் தொடக்கத்தில் எந்தப் படம் எந்த இடத்தில் உள்ளது என்ற பட்டியல் எழுதப்பட்டிருக்கும். 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி கார்டுகளில் பேட்32 என்ற முறையும், அதற்கு மேல் உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளில் எக்ஸ்பேட் என்ற முறையும் இதற்குப் பயன்படுகின்றன.

நீங்கள் ஒரு படத்தை டெலீட் செய்திடுகையில், பட்டியலில் அந்தப் படத்திற்கான இடம் காலி எனக் குறிக்கப்படும். விண்டோஸில் குயிக் பார்மட் செய்தால் பட்டியல் புதிதாக எழுதப்படும். இரண்டிலும் படத்தின் டேட்டா உடனே அழிவதில்லை. அதன் மேல் வேறு டேட்டா எழுதப்படும்போதுதான் அது உண்மையிலேயே போகிறது. குயிக் பார்மட் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்தால் கார்ட் முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படும். அதன் பின் மீட்க முடியாது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். மெமரி கார்டில் இருந்து டெலீட் செய்த பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அங்கே தேட வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியவை

1. படம் எடுப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். கேமராவை ஆப் செய்து கார்டை வெளியே எடுங்கள்.

2. எஸ்டி கார்டின் ஓரத்தில் சிறிய லாக் ஒன்று இருக்கும். அதைக் கீழ்ப்புறமாகத் தள்ளிவிடுங்கள். இனி கம்ப்யூட்டர் கார்டில் எதையும் எழுதாது. மைக்ரோ எஸ்டி கார்டில் இந்த லாக் இல்லை. அதைச் செருகும் அடாப்டரில் இருக்கும்.

3. பார்மட் செய்யவா என விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். செக் டிஸ்க் கட்டளையையும் இப்போது இயக்க வேண்டாம். அது பட்டியலைச் சரி செய்கிறேன் என்று கார்டில் எழுதத் தொடங்கிவிடும்.

4. வேறு ஒரு கார்ட் ரீடரில் போட்டுப் பாருங்கள். பல நேரங்களில் கோளாறு ரீடரில்தான் இருக்கும்.

மீட்கும் வழி

இதற்கான புரோகிராம்களில், பணம் கட்டத் தேவையில்லாமல் கிடைப்பது போட்டோரெக். கிறிஸ்டோப் கிரெனியே என்பவர் உருவாக்கியது. டெஸ்ட் டிஸ்க் என்ற தொகுப்புடன் சேர்ந்து கிடைக்கிறது. இது பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு ஜேபெக் படமும் 255, 216 என்ற இரண்டு எண்களுடன் தொடங்கி 255, 217 என்ற எண்களுடன் முடியும். இது போன்ற அடையாளங்களைத் தேடி, இங்கே ஒரு படம் இருக்கிறது என எடுத்துத் தருகிறது.

தொகுப்பை டவுன்லோட் செய்து, விரித்து, அதில் உள்ள க்யூபோட்டோரெக் பைல் மீது ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக இயக்கவும். மேலே உள்ள பட்டியலில் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுக்கவும். ஹார்ட் டிஸ்க்கும் அங்கே தெரியும் என்பதால் கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள். அடுத்து பைல் சிஸ்டம் வகையில் பேட் என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுக்கவும். சில படங்களை மட்டும் டெலீட் செய்திருந்தால் ப்ரீ என்பதையும், கார்டே கெட்டுப் போயிருந்தால் ஹோல் என்பதையும் கிளிக் செய்திடவும். பைல் வகைகளில் படங்களுக்கு ஜேபிஜி, வீடியோவிற்கு எம்ஓவி ஆகியவை போதும்.

அடுத்து வருவது முக்கியமானது. மீட்ட படங்களை எங்கே சேமிப்பது எனக் கேட்கும். கட்டாயம் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரைத் தேர்ந்தெடுக்கவும். அதே கார்டில் சேமித்தால், கிணற்றில் விழுந்ததை எடுக்கப் போய்க் கிணற்றையே மூடிய கதை ஆகிவிடும்.

சர்ச் பட்டனைத் தட்டியபின் பொறுமையாக இருங்கள். பெரிய கார்ட் எனில் மணிக்கணக்கில் ஆகலாம். படங்கள் பழைய பெயர்களில் வராது; புதிய எண்களுடன் வரும். சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வரலாம். வீடியோ பைல்கள் பெரும்பாலும் துண்டு துண்டாக எழுதப்படுவதால், படங்கள் அளவுக்கு முழுமையாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

எப்போது முடியாது?

கார்டைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை அறியவே இல்லை எனில், கோளாறு கார்டினுள் இருக்கும் கண்ட்ரோலர் சிப்பில் இருக்கலாம். அப்போது எந்த சாப்ட்வேரும் உதவாது. டேட்டா மீட்புக் கூடங்களில்தான் கொடுக்க வேண்டும்; செலவு அதிகம் ஆகும். ஆண்ட்ராய்ட் போனில், இன்டர்னல் ஸ்டோரேஜ் ஆக மாற்றிய கார்டையும் இப்படி மீட்க முடியாது. அதில் உள்ளவை அந்த போனுக்கு மட்டும் புரியும்படி பூட்டப்பட்டிருக்கும்.

வருமுன் காப்போம்

* கேமராவில் விளக்கு மின்னும்போது கார்டை எடுக்காதீர்கள். பேட்டரி தீரும் நிலையில் படம் எடுக்காதீர்கள்.

* படங்களைக் கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி செய்து, சில படங்களைத் திறந்து பார்த்து, பின்னர் கேமராவிலேயே கார்டை பார்மட் செய்திடுங்கள்.

* மிக மலிவாகக் கிடைக்கும் பெரிய கார்டுகள் போலியாக இருக்கலாம். 128 ஜிபி என்று காட்டும். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். புதிய கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் மூலம் சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள்.

* திருமணம் போன்ற விழாக்களில் ஒரே பெரிய கார்டிற்குப் பதிலாக இரண்டு, மூன்று சிறிய கார்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

* புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறையைப் பின்பற்றுங்கள். 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வீட்டிற்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ ஆன்லைன் சேமிப்பிலோ ஒன்று என்றால் போதும்.

நம் நண்பர் இப்போது விண்டோஸ் எதைக் கேட்டாலும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கிளிக் செய்கிறார். உங்கள் கேமராவில் இன்னும் கம்ப்யூட்டருக்கு மாற்றாத படங்கள் இருக்கின்றனவா? இந்தப் பக்கத்தை மூடியவுடன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.