புதுப்பித்தபின் முரண்டு செய்யும் லினக்ஸ்

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் ‘பாஸ்’ என்னும் இயக்குதளமும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது.

இத்தகைய லினக்ஸைப் புதுப்பித்தபின், சில வேளைகளில் திரை கறுத்தே நிற்கும். அல்லது வைஃபை கிடைக்காது. உடனே எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவலாமா? கூடாது. சேமித்து வைத்த பாடங்களும் அழிந்துவிடக்கூடும்.

லினக்ஸின் மையப்பகுதி கெர்னல் எனப்படும். திரை, வைஃபை போன்ற உறுப்புகளை இயக்குவது அதுவே. புதிய கெர்னல் வரும்போது பழையது பொதுவாக உடனே நீக்கப்படுவதில்லை. திருத்தணி மலைக்கோயிலுக்குப் படிவழியும் உண்டு, வண்டிச்சாலையும் உண்டு. ஒன்று அடைபட்டால் மற்றொன்றில் ஏறலாம் அல்லவா?

கணினி தொடங்கும்போது தோன்றும் ‘கிரப்’ பட்டியலில், கூடுதல் தேர்வுகளுக்குள் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். இப்போது வைஃபை கிடைக்கிறதா? அப்படியானால் கருவி பழுதாகவில்லை. கோளாறு பெரும்பாலும் புதிய கெர்னலில்தான். மற்றவை மாறாதிருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் ஆய்வுக்கூட முறையே இது!

பழையதிலும் கோளாறு நீடித்தால்? வட்டில் இடம் தீர்ந்துவிட்டதா, மின்தடையால் புதுப்பித்தல் பாதியில் நின்றதா என்று பாருங்கள். பாதியில் நின்ற வேலையை ‘டிபிகேஜி’ என்னும் கட்டளையால் தொடர்ந்து முடிக்கலாம்.

பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் புதுப்பித்தலே. எனவே அஞ்சி அதைத் தவிர்க்க வேண்டாம். தொடங்குமுன் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். புதியது சில நாட்கள் ஒழுங்காக ஓடும்வரை பழைய கெர்னலை நீக்காதீர்கள்.