சமநிலைக்கு என்ன விலை?

காய்கள் நிற்கும் நிலை ஒன்றே, செஸ் மென்பொருளும் ஒன்றே. ஓர் அமைப்பை மாற்றியதும் அது வேறு நகர்வைச் சொல்கிறது. ஏன்?

மென்பொருள் ஒவ்வொரு நிலைக்கும் புள்ளி போடும். ஒரு சிப்பாயின் பெறுமதியே அலகு. சமநிலைக்கு வழமையாக 0. 'கன்டெம்ப்ட்' அமைப்பை 0.20 ஆக்கினால், சமநிலை அதற்கு −0.20 ஆகத் தெரியும். ஒரே நிலையை மூன்று முறை வரவைத்துச் சமன் செய்யலாம், தொடர்ந்தால் −0.10. இரண்டில் நட்டம் குறைவு என்பதால் தொடரும். அமைப்பை மறைப் பெறுமானமாக்கினால், +0.10 முன்னிலையையும் விட்டுச் சமநிலையைத் தேடும்.

சமநிலையை மறுக்கும் போக்கு மனிதரிடமும் உண்டு. 2024 டிசம்பர் 1, சிங்கப்பூர், உலக சம்பியன் பட்டப் போட்டியின் 6ஆவது ஆட்டம். கறுப்புக் காய்களோடு ஆடிய சென்னை குகேஷ், 26ஆவது நகர்வில் மீள்நிகழ்வை மறுத்து ராணியை எச்4 கட்டத்துக்கு நகர்த்தினார். ஆட்டம் பிறகு சமநிலையிலேயே முடிந்தது.

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் 2021இல் கன்டெம்ப்ட் அமைப்பையே நீக்கியது; எல்சி0 என்ற மற்றொரு மென்பொருள் வைத்திருக்கிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பயிலும் மாணவருக்கு ஒரு குறிப்பு: பலவீனமான எதிராளியோடு மென்பொருளை மோதவிடும்போது கூட்டலாம், ஆட்டத்தை ஆராயும்போது 0இல் வையுங்கள். இல்லாவிட்டால் புள்ளிகள் ஒரு பக்கம் சாய்ந்தே வரும்.